தண்ணீர் மந்திரி இருப்பாளா, போவாளா

1

தகரக் கொட்டகைதான். இல்லையென்று யார் சொன்னது? சித்திரை மாசம் இங்கே வந்து எங்கள் சோற்றைத் தின்றுவிட்டுப் போன ஊர்க்காரர் ஒருவர், தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று பீற்றிக்கொள்கிறார்கள், போய்ப் பார்த்தால் தகரக் கொட்டகை என்று அங்கே கடைக்குக் கடை சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரிக்கட்டும். மேலே தகரம், பக்கத்தில் பலகை, தரையில் பாதி சிமெண்டு, பாதி மண். தோல் பதனிடும் கொட்டடிகளின் வாடை முதல் மணி அடிக்கும்போதே உள்ளே வந்துவிடும். ஏழாம் வகுப்போடு தமிழ் முடிந்துபோகும். இதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். இன்னொருத்தர் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தார், பூட்டைப் பார்த்தார், போனார். இந்த வாரம் என் மனைவி வடிவுக்கு இரண்டாம் வருஷ திதி வருகிறது. போன வருஷம் இதே நாட்களில் என் மகள் இசக்கி என்னோடு இங்கே இருப்பாளா, ஊருக்குப் போய்விடுவாளா என்று என் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. அதைத் தீர்த்தது அந்தக் கொட்டகைதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

வடிவு போனது வைகாசியில், மழை பிடிப்பதற்குச் சில நாள் முன்னால். மஞ்சள் காமாலை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு வாரம் வராந்தாவில் கிடந்து, ஒருநாள் விடியும் நேரத்தில் போய்விட்டாள். சயான் சுடுகாட்டில் வைத்து எரித்தோம். தந்தி கிடைத்து அவளுடைய அண்ணன், முத்தையா மச்சான், ஊரிலிருந்து ரயிலேறி வந்து சேர்வதற்குள் சாம்பலும் ஆறிவிட்டது.

இங்கே நாங்கள் கோலி என்று சொல்லுகிற ஒற்றை அறை வீடு எங்களுடையது. துட்டி கேட்க வந்தவர்கள் அதற்குள்ளும் வெளியே சந்திலுமாக உட்கார்ந்திருந்தபோது மச்சான் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "தாயில்லாப் பிள்ளைய இந்தச் சாக்கடைல விட்டுட்டுப் போவ எனக்கு மனசு வரல மாப்ள. வருசம் கழியட்டு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

நான் தலையை ஆட்டினேன். அவர் என் மகளைக் கேட்டாரா, வீட்டு அண்டாவைக் கேட்டாரா என்றுகூட அன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியாது. எது கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். ஆனால் நாலு பேர் முன்னால் ஆட்டிய தலை ஆட்டியதுதானே. பிள்ளைக்குத் தாய்மாமன், செத்தவளுக்குக் கூடப்பிறந்தவன். அவர் கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் சயானில் பஸ் ஏறுவேன். டிராம்பேயில் எண்ணெய் ஆலையில் குழாய் பிரிவில் வேலை. சாயந்திரம் அதே பஸ். தட்டில் வைத்ததைத் தின்பேன். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது. ஒருநாள் சூடான குழாயில் கையை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மராட்டிக்காரர் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் தோல் உரிந்ததைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. அழ வேண்டும் என்றும் தோன்றவில்லை. அழாதவனைப் பார்த்து இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. எல்லாருக்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

தட்டில் சோறு வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? பதினோரு வயசு இசக்கிதான். அவளுடைய அம்மா செய்ததைப் பார்த்துப் பார்த்துப் படித்திருந்தாள். நானும் அதை ஒரு விஷயமாகவே எண்ணவில்லை.

3

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். தலைமை ஆசிரியர் மீரான் சார். கடையநல்லூர்ப் பக்கம். மனிதருக்குக் குரல் உயராது. ஆனால் அவர் நினைத்தது நடக்காமலும் போகாது. ஆள் அம்பு கிடையாது, பியூன் கிடையாது, தோட்டி கிடையாது. பார்த்தார், பிள்ளைகளையே மந்திரிகளாக்கிவிட்டார். மணி அடிக்கிறவன் மணி மந்திரி. பெருக்க ஆள் விடுகிறவள் சுத்த மந்திரி. சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்து ரோட்டைத் தாண்டிவிடுகிறவன் ரோட்டு மந்திரி. இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு முதல் மந்திரி. பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை ஏழாம் வகுப்பிலிருந்து அந்த முதல் மந்திரியைத் தேர்ந்தெடுப்பார்கள். முழுப் பள்ளிக்கூடமும் ஓட்டுப் போடும், ஒன்றாம் வகுப்புப் பொடிசு உள்பட.

இசக்கி ஐந்தாம் வகுப்பிலிருந்தே தண்ணீர் மந்திரி. இந்தப் பகுதியில் அதைவிடக் கஷ்டமான இலாகா கிடையாது. எங்கள் சந்துக்கெல்லாம் சேர்த்து ஒரு குழாய். விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும், பிறகு நின்றுவிடும். அங்கே மண்டை உடையாத நாள் இல்லை. ஆனால் அந்தக் குழாயடியில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்ததோ தெரியாது. பள்ளிக்கூடப் பானைக்கு வரிசை கிடையாது. பானையில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வந்தால், ஒருத்தி கொண்டையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு வழிவிடுவார்கள். பிள்ளை இல்லாதவளும் விடுவாள். தமிழே தெரியாத குஜராத்திப் பெண்களும் விடுவார்கள். பானை நிறைந்து பிள்ளைகள் நகர்ந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும்.

வடிவு போன பிறகு இவள் அந்த வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். துக்க வீட்டுப் பிள்ளை, வருஷம் கழியும்வரை மேடை ஏறக் கூடாது என்று சொல்லி ஜனவரி ஆண்டு விழாவில் கும்மிக்குக்கூட நான் அனுப்பவில்லை. பாவாடை தைக்க அளவு எடுத்திருந்தார்கள், வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவள் பாயில் உட்கார்ந்து பாட்டை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் தண்ணீருக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. பக்கத்துக் கோலி ராக்கம்மா அக்காவிடம் இது முறைதானா என்று கேட்டேன். நாக்கில் தேளை வைத்திருக்கிற பொம்பளை. தண்ணி பிடிக்கதுக்கு என்னய்யா தீட்டு, துடக்கு, செத்தவளும் தண்ணி பிடிச்சவதான் என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

4

மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஞாயிறு. மழைக்கு முன்னால் தகரத்தின் ஓட்டைகளையெல்லாம் தார் பூசி, மேலே கோணியும் பழைய தார்ப்பாயும் போட்டுக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஜூன் முழுக்கப் பிள்ளைகள் பெஞ்சு மேல்தான். லீவுக்கு ஊருக்குப் போகாத எல்லாரும் வருவார்கள். தோல் கொட்டடி ஆட்கள் கயிறு கொண்டு வருவார்கள், தையல்காரர்கள் கோணி தைப்பார்கள், பொம்பளைகள் தார் காய்ச்ச அடுப்பு மூட்டுவார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று கீழேயிருந்து மேலே எல்லாவற்றையும் கை மாற்றிக் கொடுக்கும். தகர வேலை தெரிந்தவன் என்று என்னை எப்போதும் மேலே ஏற்றிவிடுவார்கள். போன வருஷமும் ஏறினேன். போகாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே, அதற்குப் போய்விடுவதே லேசு.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மூலையில் நான், இன்னொரு மூலையில் தோல் கொட்டடி மேஸ்திரி. அவர் ஆள் மலை மாதிரி. கொட்டடியில் அவர் இருமினால் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். நா வறண்டுபோய் அவர் மேலேயிருந்து கீழே எட்டிப் பார்த்து, "ஏட்டி தண்ணி மந்திரி, ஒரு செம்பு குடு, சாவப்போறேன்" என்று கெஞ்சினார். இசக்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "வரிசைல வாங்க மாமா" என்றாள்.

அந்த மூலையில் நின்றது அவர் ஒருத்தர்தான். அவர் தனக்கு முன்னாலும் பின்னாலும் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நிஜமாகவே ஓரடி தள்ளி, வரிசையில் நிற்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. தகரத்தில் உட்கார்ந்து, தார்க் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கீழே இசக்கி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வெறுமனே பார்த்தாள். செம்பு கையில் அப்படியே இருந்தது. எனக்கு உடனே சுருக்கென்றது. இன்னும் வருஷம் கழியவில்லை, அதற்குள் பல்லைக் காட்டுகிறாயே பாவி என்று நினைத்துக்கொண்டு திரும்பித் தாரைப் பூச ஆரம்பித்தேன்.

5

வடிவு இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் மாட்டுங்காவுக்குப் போய்த் தமிழ் நாள்காட்டி வாங்கி வருவாள். அமாவாசை, கிருத்திகை, எந்த நாளில் எண்ணெய் தேய்க்கலாம், எந்த நாளில் கூடாது எல்லாம் அதில்தான். அவள் போன பிறகு அதை வாங்கி வர எனக்குத் தோன்றவில்லை. ஆலையில் கொடுத்த காலண்டர் சுவரில் தொங்கியது. அதில் கப்பல் படம் இருக்கும், இங்கிலீஷ் தேதி இருக்கும். வடிவு போனது ஜூன் எட்டு. அதனால் வருஷ திதியும் ஜூன் எட்டு. இப்படித்தான் நான் கணக்குப் போட்டு ஆலை டைம் ஆபீசில் லீவும் எழுதிக் கொடுத்தேன். சடங்குக்கு லீவா, யாருக்குச் சடங்கு, செத்தது போன வருஷம்தானே, இந்த வருஷம் எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்டு, கடைசியில் கொடுத்தார்கள்.

சொன்ன சொல் மாறாமல் முத்தையா மச்சான் ஜூன் முதல் வாரத்தில் வந்து இறங்கினார். தாதர் ஸ்டேஷனில் அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுத்துக் கூட்டிவந்தேன். மொட்டைத் தலை. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்து இறுகிய உடம்பு. பையிலிருந்து முறுக்கு, கருப்பட்டி, பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தில் விபூதி எடுத்து வைத்தார். ஆற்றங்கரையில் தங்கச்சிக்குத் திதி கொடுத்துவிட்டு மறுநாள் வண்டி ஏறியதாகச் சொன்னார்.

எட்டாம் தேதிக்கு அல்லவா திதி, லீவு போட்டிருக்கிறேனே என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். அவள் திதி தேய்பிறை பஞ்சமி, அது போன ஞாயிற்றுக்கிழமையே வந்து போய்விட்டது என்றார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்: "செத்த நாளையுமா கம்பெனி காலண்டர்ல பாத்தீரு மாப்ள?"

போன ஞாயிறு. கூரை ஞாயிறு. அவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய நேரத்தில் நான் தகரத்தின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். இதை மச்சானிடம் சொல்லவில்லை. எனக்கு வெட்கமா, துக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. அவர் விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினார், பிள்ளைக்கும் பூசினார். வருஷம் கழிந்துவிட்டது, இனி பிள்ளையை அழைத்துப் போகலாம் என்றார். நான் மறுபடியும் தலையை ஆட்டினேன். இசக்கி அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டவ்வுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள்.

6

போகலாம் என்றால் போய்விட முடியுமா? ஒரு ராஜ்ஜியத்திலிருந்து இன்னொரு ராஜ்ஜியத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் சர்டிபிகேட் வேண்டும், அதில் மேலதிகாரி கையெழுத்து வேண்டும். திதிக்கு வாங்கிய எட்டாம் தேதி லீவு திதிக்கு ஆகாமல் போனது. அந்த லீவை மாற்றிக் கொடுங்கள் என்று டைம் ஆபீசில் கேட்டேன். செத்தவள் தேதியை மாற்றிக்கொண்டாளா என்று கேட்டான் அந்தக் குமாஸ்தா. சரி என்று அந்த நாளில் மச்சானைக் கூட்டிக்கொண்டு கல்வி ஆபீசுக்குப் போனேன்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் மராட்டியில் பேசினார். நான் என் ஓட்டை இந்தியில் சொன்னேன். மச்சான் எதற்கும் இருக்கட்டுமென்று திருநெல்வேலித் தமிழில் உரக்கச் சொன்னார், உரக்கச் சொன்னால் புரியும் என்று. அந்த மனிதர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பள்ளி திறக்காமல் தலைமை ஆசிரியர் சர்டிபிகேட் எழுத முடியாது, அவர் எழுதாமல் இவர் கையெழுத்துப் போட முடியாது, திறந்த பிறகு வாருங்கள் என்றார். வெளியே வந்து ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். ஆற்றில் பிண்டம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டிய தேதி என்று நான் நினைத்த நாளில், கல்வி ஆபீஸ் வாசலில் வடிவின் அண்ணனும் நானும் டீயில் பன் முக்கித் தின்றோம். அவ்வளவுதான் அந்த நாள்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது.

7

பள்ளி திறந்ததும் இசக்கி ஊருக்குப் போகப்போகிற செய்தி பரவிவிட்டது. அன்று சாயந்திரம் மீரான் சார் வந்தார். பின்னாலேயே ராக்கம்மா அக்கா வந்து வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மீரான் சார் பக்குவமாகச் சொன்னார். ஏழாவது முடியட்டும், கெட்டிக்காரப் பிள்ளை, பிறகு மாட்டுங்காவில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க நானே கூட வருகிறேன் என்றார். மச்சான் கேட்டுக்கொண்டார். அங்கே தமிழ் உண்டா என்றார். இங்கிலீஷ்தான் என்றார் மீரான் சார். இப்பவே இந்தப் பிள்ளை பாதி இந்தி பேசுகிறது, நேற்று குழாயில் தண்ணி நின்றதற்குத் தண்ணி 'பந்த்' ஆகிவிட்டது என்கிறது, எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை, இங்கிலீஷும் சேர்ந்தால் என் வீட்டில் இதோடு யார் பேசுவது என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"சிரிக்கதுக்குச் சொல்லல. வந்த நாளா பாக்கேன். காலைல தண்ணி, பெறவு சோறு, பெறவு பள்ளிக்கூடம், சாயந்தரம் வந்து மறுபடி சோறு. உமக்கு மக வேணுமா மாப்ள, பொங்கிப்போட ஆள் வேணுமா?"

சந்தில் மழைத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் சொல்லியிருக்க வேண்டும். மகள் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விருப்பம் இல்லை என்று நினைக்காதீர்கள். விருப்பம் இருக்கிறதா என்று உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அங்கே போனால் அத்தை இருக்கிறாள், கூட விளையாட மச்சானின் பிள்ளைகள் இருக்கிறார்கள், கை சுடாது. இங்கே நான் இருக்கிறேன். என்னை என்னவென்று கணக்கில் சேர்ப்பது?

இசக்கி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமா பக்கம் திரும்பி, சனிக்கிழமை எலெக்‌ஷன், நான் முதல் மந்திரிக்கு நிற்கிறேன், ஜெயித்தால் இருக்கிறேன், தோற்றால் உங்களோடு வருகிறேன் என்றாள்.

மீரான் சாருக்கே அது புதுச் செய்தி. முதல் மந்திரிக்கு அதுவரை தங்கதுரை என்ற பையன் ஒருத்தன்தான் பேர் கொடுத்திருந்தான். ஓட்டத்தில், சடுகுடுவில் எல்லாம் அவன்தான் முதல். பொம்பளைப் பிள்ளை முதல் மந்திரியானதும் கிடையாது. மச்சானுக்கு அவள் பேசியது பிடித்துவிட்டது. எப்படியும் சர்டிபிகேட்டுக்கு அடுத்த வாரம்வரை இருந்துதான் ஆக வேண்டும். சரி மக்கா, பந்தயம் பந்தயம்தான் என்று கை நீட்டினார். அவள் அவர் கையில் அடித்தாள்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்துத்தானே விட்டிருந்தார்கள்.

8

அந்த வருஷம் பெரியவர்களுக்கும் தேர்தல் நடந்திருந்ததால் பிள்ளைகளுக்குக் கோஷம் போடச் சொல்லித்தரவே வேண்டாம். சந்து சந்தாக மழையில் நனைந்துகொண்டு கத்தின. தங்கதுரை கட்சி தினமும் சடுகுடு என்றது. இசக்கி கட்சி என்ன சொன்னது என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்புக்குத் தனிக் குவளை என்றது. பெரியவன்கள் தண்ணீர்ப் பானையிடம் சின்னதுகளை இடித்துத் தள்ளுகிறார்கள் என்பது தண்ணீர் மந்திரிக்குத்தானே தெரியும்.

ராக்கம்மா அக்கா ஒரு காரியம் செய்தாள். குழாயடியில் நின்று, பிள்ளைய ஊருக்கு அனுப்பாம இருக்கணும்னா எல்லாவளும் உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க என்று ஓட்டுக் கேட்டாள். இது இசக்கி காதுக்கு எட்டியது. போய் அவளிடம் சண்டை பிடித்தாள். நாக்கில் தேள் வைத்திருக்கிறவளையே வாயடைத்துவிட்டு வந்தாள். பாவம் பார்த்து யாரும் போட வேண்டாம் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னாளாம். மச்சான்தான் இதையெல்லாம் எனக்குச் சொன்னார். பகலில் அவருக்கு வேறு வேலை இல்லாததால் பள்ளிக்கூட வாசலிலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சனிக்கிழமை அரை நாள் ஷிப்ட். நான் ஆலையிலிருந்து நேரே அங்கே போனேன். கூரை ஒழுகவில்லை. பெற்றோர்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பிஸ்கட் டின். ஒன்றில் தங்கதுரை பேர், ஒன்றில் இவள் பேர். எழுத்துத் தெரியாத பொடிசுகளுக்காக ஒன்றில் பந்துப் படம், ஒன்றில் பானைப் படம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புளியங்கொட்டை. உள்ளே போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும்.

மீரான் சார் கொட்டைகளை எண்ண விடமாட்டார். எண்ணினால் தோற்ற பிள்ளைக்கு எத்தனை பேர் தன்னை வேண்டாமென்றார்கள் என்று தெரிந்துபோகும், அது எதற்கு என்பார். அதனால் மளிகைக் கடைத் தராசை வாங்கி வந்து, ஒரு தட்டில் ஒரு டின்னைக் கொட்டுவார், மறு தட்டில் மற்ற டின்னைக் கொட்டுவார். எது தாழ்கிறதோ அது ஜெயம். எத்தனை வித்தியாசம் என்று யாருக்கும் தெரியாது.

தராசைத் தூக்கினார். இரண்டு தட்டும் ஆடின. முதலில் பந்துத் தட்டு கொஞ்சம் கீழே வந்தது. வெகு நேரம் மடக்கி உட்கார்ந்த காலில் மறுபடி ரத்தம் ஓடும்போது எடுக்குமே ஒரு வலி, அது எனக்கு நெஞ்சில் எடுத்தது. தாழ வேண்டாம், தாழ வேண்டாம் என்று அந்தத் தட்டைப் பார்த்து வேண்டினேன். சாமியை வேண்டவில்லை, தட்டைத்தான் வேண்டினேன். அப்போதுதான் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. எனக்குச் சோறு வேண்டாம். கடையில் தின்றுகொள்வேன், நானே பொங்கிக்கொள்வேன். வாசலில் அவள் செருப்புக் கிடக்க வேண்டும்.

தட்டு நின்றபோது பானைத் தட்டு கீழே இருந்தது. கொட்டகை அதிர்ந்தது. தங்கதுரை, நல்ல பையன், முதல் ஆளாக வந்து அவள் கையைக் குலுக்கினான். மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொன்ன சொல் சொல்லுதான், இருக்கட்டும், அடுத்த லீவுக்காவது அனுப்பும் என்று என்னிடம் சொன்னார். அவருக்கும் அவள் தங்கச்சி மகள்தானே.

இசக்கி துள்ளவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். மேஸ்திரியைப் பார்த்து இடுப்பில் கை வைத்தவள், இப்போது பாவாடையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஜெயிச்சதுக்காக இருக்க வேண்டாம் யப்பா. நீங்க சொல்லுங்க. இருக்கவா, போவவா?"

"இரு," என்றேன். ஒரு வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன பேச்சிலேயே அதுதான் பேச்சு. சொன்னது போதாது என்று தோன்றி, "நீ இல்லாம என்னால முடியாது தாயி" என்றேன்.

அவள் முகம் கோணிக்கொண்டு போனது.

"இத அன்னைக்கே சொல்லப்பிடாதா? சொல்லியிருந்தா நான் எலெக்‌ஷன்ல நின்னிருக்கவே மாட்டேனே யப்பா."

சொல்லிவிட்டு என் வேலைச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். முழுப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அழுதேன்.